எதிரி சரியில்லை

"டீயை நான் கொட்டல மாப்ள. டம்ளர் இருந்த இடத்துல கையை வெச்சேன், அவ்வளவுதான்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

மைத்துனன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெட்டியைச் சாய்த்தான். உள்ளேயிருந்து அரை டம்ளர் டீ வந்தது.

"பிழைக்குமா?"

"சர்க்கரை கொஞ்சம் கம்மியா போட்டிருந்தா பாத்திருக்கலாம் அத்தான்."

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவன் தொழில். அக்கா புருஷனுக்கு மட்டும் இலவசம். அக்கா இப்போது அந்தப் புருஷனோடு இல்லை, தம்பியான இவன் வீட்டு மாடியில் இருக்கிறாள் என்பதற்காக அவன் சலுகையை நிறுத்திவிடவில்லை.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் போனதுகூடப் பெரிதில்லை. அதிலிருந்த கோட்டை விளையாட்டு போனதுதான் கவலை. கல்யாணமான புதிதில் வாங்கியது. நமக்கு ஒரு கோட்டை, கம்ப்யூட்டருக்கு ஒரு கோட்டை. மரம் வெட்டி, கல் உடைத்து, மதில் எழுப்பி, படை திரட்டிப் போய் அடித்துக்கொள்ள வேண்டும். கடையை மூடிவிட்டு வந்தால் அந்த வீட்டில் அவருக்காகக் காத்திருப்பது அந்த எதிரி மட்டும்தான்.

முன்பு மனைவியும் காத்திருந்தாள். அவள் பெட்டியோடு வாசலில் நின்றபோது, "ஒரு நிமிஷம் இரு, இந்தக் கோட்டையைப் பிடிச்சுட்டு வந்துடறேன்," என்றார். கோட்டையைப் பிடித்துவிட்டார்.

"புது கம்ப்யூட்டர்ல அது ஓடாது அத்தான். அது பிறந்த காலம் வேற."

"நானும் அந்தக் காலத்து ஆளுதான். நான் ஓடலையா?"

"நீங்க ஓடறீங்கன்னு யார் சொன்னா?"

ஆனாலும் அடுத்த வாரமே புதுக் கம்ப்யூட்டரோடு வந்தான். மேசையில் வைத்து, ஒயர்களைச் செருகி, திரையின் மூலையில் இருந்த சின்னக் கோட்டைப் படத்தைக் காட்டினான்.

"இதைத் தட்டினா நேரா ஆட்டம் வந்துடும். ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் ஓடும்."

"ஏன், அதுக்கும் டியூட்டி நேரம் இருக்கா?"

"பழசைப் புதுசுல ஓட்டறோம்ல. அப்படித்தான் இருக்கும்."

"அப்படித்தான்னா எப்படி?"

"சொன்னா புரியாது அத்தான்."

கடையில் மூக்குக்கண்ணாடி பவரைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் அவரே தினமும் சொல்கிற வசனம்தான். அதனால் மேலே கேட்கவில்லை.

அன்று ஏழு மணிக்குத் திரையில் பழைய கொம்பு ஊதிற்று. பழைய புல்வெளி, பழைய ஆறு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "வாடா, வந்துட்டியா," என்றார். மைத்துனன் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் வார்த்தை அது.

பத்து நாள் கழித்து மைத்துனனுக்குப் போன் வந்தது.

"மாப்ள, எதிரி சரியில்ல."

"ஆட்டம் நின்னு நின்னு போகுதா?"

"ஆட்டம் நல்லாத்தான் போகுது. அவன்தான் சரியில்ல. முன்னெல்லாம் நான் மதில் கட்டி முடிக்கறதுக்குள்ள வந்து மிதிப்பான். இப்போ வர்றதே இல்ல. வீடா கட்டிட்டு இருக்கான். வரிசையா வீடு, நடுவுல ஒரு கிணறு. மொத்தமே அஞ்சு சிப்பாய்தான்."

"எரிச்சுட வேண்டியதுதானே."

"எரிச்சேன். மறுபடியும் அதே இடத்துல கட்டறான்."

மைத்துனன் ஏதோ இருமினான்.

"நேத்து பாதி ஆட்டத்துல பால் பொங்கிடுச்சு. அப்படியே விட்டுட்டு ஓடினேன். அடுப்பைத் துடைச்சுட்டுத் திரும்பி வந்தா, அந்த அஞ்சு சிப்பாயும் என் கோட்டை வாசல்ல வந்து சும்மா நிக்கிறாங்க. நான் நாற்காலியில உக்காந்து மவுஸைத் தொட்டப்புறம்தான் அடிக்கவே ஆரம்பிச்சாங்க."

"நல்லதுதானே அத்தான். ஜெயிக்கிறீங்கல்ல."

"ஜெயிக்கறதுக்கா ஆடறேன்?"

மைத்துனன் மறுபடியும் இருமினான்.

"கம்ப்யூட்டருக்குக்கூட என்னைப் பாத்தா பாவமா இருக்கு போல," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "பகல்ல கடைக்கு வர்றவங்க அப்படிப் பாக்கறது போதாதா? 'தனியாவா இருக்கீங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க'ன்னு. வீட்டுக்கு வந்தா ஒருத்தனாவது என்னை முழு ஆளா மதிச்சு அடிப்பான்னு பாத்தா, அவனும் விட்டுக் கொடுக்கறான். எனக்கு வேணாம் மாப்ள. அழிச்சுடறேன். எந்தப் பட்டனைத் தட்டணும்னு மட்டும் சொல்லு."

"ஐயோ, அழிக்காதீங்க."

"ஏன்?"

"அது... மறுபடி போடறது கஷ்டம்."

"மறுபடி வேணாங்கறேன். நானே தேடி அழிச்சுக்கறேன். டீ கொட்டினாலும் போயிடும், அந்த வித்தை எனக்குத் தெரியும்."

"அத்தான், கொஞ்சம் பொறுங்க."

"அப்போ நேரா சொல்லு. சொன்னா புரியாது, அப்படித்தான் இருக்கும், இதெல்லாம் வேணாம். என்ன பண்ணி வெச்சிருக்கே?"

மைத்துனன் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. திரும்பி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு. புதுக் கம்ப்யூட்டர்ல தனியா ஆடற ஆட்டம் ஓடவே இல்ல அத்தான். எவ்வளவோ பாத்தேன், எதிரி வர்ற இடத்துல நின்னுடுது. ரெண்டு பேர் ரெண்டு வீட்டுல உக்காந்து ஆடற ஆட்டம் மட்டும்தான் ஓடிச்சு. சரியா வருதான்னு சோதிச்சுப் பாக்க, அந்தப் பக்கம் அக்காவை உக்கார வெச்சேன். அன்னியிலேருந்து, வேலை விட்டு வந்து ஏழு மணி ஆச்சுன்னா, அந்த நாற்காலியை அவ யாருக்கும் விடறதில்ல."