கழிவறைக் குழியில் ஒரு தாத்தா

காலையிலிருந்து லூசியாவுக்கும் பக்கத்து வீட்டு மோசேவுக்கும் வாய்ச்சண்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் துண்டு நிலம் யாருடையது என்று சமோவாவில் எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை. லூசியா அதில் கழிவறைத் தொட்டிக்குக் குழி தோண்ட பொக்லைனைக் கூட்டிவந்துவிட்டாள்.

சண்டை மும்முரத்தில், பொக்லைன் ஓட்டுகிற பெனி எப்போது வண்டியை நிறுத்தினான் என்று யாரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் குழிக்குள் நிற்கிறான். கையில் ஒரு மண்டையோடு.

"இது யாரு, அக்கா?"

"எங்காளு இல்ல தம்பி. எங்காளுங்க எல்லாரும் வாசல்ல, சிமெண்டுக்கு அடியில பத்திரமா இருக்காங்க." லூசியா கை காட்டினாள். கல்லறை மேல் அவள் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது.

மோசே, யாரும் கேட்காமலேயே, தன் குடும்பத்தில் எல்லோரும் கணக்கில் இருக்கிறார்கள் என்றார்.

ஈரமில்லாத ஜனங்கள் இல்லை. நம்மவர் என்று ஒப்புக்கொண்டால் அடக்கம் செய்ய வேண்டும். பன்றி, பெட்டி பெட்டியாக டின் மீன், சீராக வைக்க மாதக்கணக்கில் பின்னிய பாய்கள், ஊருக்கே சாப்பாடு. போன சாவில் தின்றவர்களே இன்னும் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதகர் வந்தார். உறவு என்று யாரும் வராவிட்டால் தேவாலயத் தோட்டத்தில் இடம் தர ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று கையைப் பிசைந்தார். எலும்பைக் குழியிலேயே போட்டு மேலே தொட்டியை இறக்கிவிடலாமே என்றார் மோசே. லூசியாவும் தலையாட்டினாள். எத்தனையோ வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பெனி பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்: "மூடிடலாம். ஆனா நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்களே, இந்த இடத்துல யாரோட முன்னோர் பொதைஞ்சிருக்காங்கன்னு. அவங்களுக்குத்தானே நிலம்?"

ஒரு கோழி குறுக்கே நடந்து போனது.

"தாத்தா..." என்று லூசியா மெதுவாக இழுத்தாள்.

"யாருக்கு யாரு தாத்தா? அது எங்க பாட்டி." மோசே வேலியைத் தாண்டிவிட்டார். நெற்றியைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? வெயிலில் கிடந்த மண்டையோட்டுக்கு இரண்டு பக்கமும் குடை. லூசியா வீட்டில் பாய் வந்தது. மோசே வீட்டில் அதைவிட அகலமான பாய் வந்தது. தாத்தாவுக்கு ஈரப்பலாக்காய் என்றால் உயிர் என்று அவள் புரண்டு அழுதாள். பாட்டி குரலெடுத்துப் பாடினால் கடலே அடங்கும் என்று இவர் மார்பில் அடித்துக்கொண்டார். இந்த வீட்டில் ஒரு பன்றி கத்தியதும் அந்த வீட்டில் இரண்டு கத்தின.

ஒரே மண்டையோடு எப்படித் தாத்தாவாகவும் பாட்டியாகவும் இருக்கும் என்று போதகர் கேட்டுவைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள்.

கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார். அந்தத் துண்டு நிலத்தின் நட்டநடுவிலேயே ஒரே கல்லறை. இரண்டு வீடும் அழலாம், இரண்டு வீடும் சிமெண்ட் போடலாம். கழிவறை வேறு இடத்துக்குப் போகட்டும். முன்னோரை நகர்த்த யாருக்கு மனசு வரும்? ஒப்புக்கொண்டார்கள். வெள்ளைத்துணி, மரப்பெட்டி, பாடகர் குழு, ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது. ராஜ மரியாதை.

விருந்தில் போதகர் பெனியைத் தனியாகப் பிடித்தார். ஏற்கெனவே எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியவன் என்று பொரிந்து தள்ளினார்.

"வந்தமா, தோண்டினமான்னு போகாம, கோர்ட்டு கீர்ட்டுன்னு உனக்கு எதுக்குடா அந்தப் பேச்சு?"

பெனி வாயிலிருந்த பன்றிக்கறியை மென்று விழுங்கினான்.

"அவரு இந்த ஊரே இல்ல, போதகரே. அந்தாண்ட ஓட்டல்ல நீச்சல்குளத்துக்குத் தோண்டறப்ப வந்தாரு. குப்பையில கொட்டிடுன்னுட்டாங்க. அனாதைன்னா யாரு அழுவா? நிலச் சண்டை இருக்கற ஊர்ல வேலை வர்ற வரைக்கும், என் சீட்டுக்குப் பின்னாடியே உக்கார வெச்சிருந்தேன்."