மூன்றாவது பட்டன்

வந்தவர் போட்டிருந்தது தன்னுடைய சட்டை என்பது, "உங்களை எடுத்துக்கிட்டோம்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மேனேஜருக்குத் தெரிந்தது.

மேனேஜருக்கு ஒரு கொள்கை உண்டு. சட்டை நேராக இருந்தால் ஆளும் நேராக இருப்பான். கசங்கிய சட்டையோடு வந்தால், வந்த வழியே போக வேண்டியதுதான். அன்றைக்கும் கோடவுன் வேலைக்கு வந்த நாலு பேரை அப்படித்தான் அனுப்பினார். ஐந்தாவதாக வந்தவரின் நீலக்கோடு போட்ட சட்டையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் கச்சிதமாக வந்தது.

படிவத்தில் கையெழுத்துப் போட அவர் குனிந்தபோதுதான் மூன்றாவது பட்டன் கண்ணில் பட்டது. வெள்ளைப் பட்டன், பச்சை நூல்.

போன மாதம் அந்தப் பட்டனுக்காக வீட்டில் ஒரு ரகளையே நடந்திருந்தது.

"நீலக்கோடு சட்டைக்குப் பச்சை நூலா? உனக்குக் கண்ணு தெரியலையா?"

"வெள்ளை நூல் தீர்ந்துபோச்சுங்க. டை கட்டினா மறைஞ்சுடும், விடுங்க" என்று மனைவி அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டாள்.

அந்தச் சட்டையை முந்தாநாள்தான் லாண்டரிக்குப் போட்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. நாளைக்குச் சொல்லி அனுப்பறேன்" என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வந்தவரின் முகம் விழுந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

மதிய இடைவேளைக்குக்கூடக் காத்திருக்கவில்லை மேனேஜர். நேரே லாண்டரியில் போய் நின்றார்.

"நாளைக்குத்தானே சார் டெலிவரி?" என்றாள் லாண்டரி அக்கா.

"நாளைக்கு வர வேண்டிய சட்டை இன்னிக்கே ஊரைச் சுத்துது! ஒருத்தன் உடம்புல என் கண்ணால பார்த்தேன். அடுத்தவங்க துணியை வாடகைக்கு விடறீங்களா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வாடகையெல்லாம் இல்லை சார். சும்மாதான் குடுத்தேன், மூணு மணி நேரத்துக்கு. வந்ததும் மறுபடி துவைச்சுத்தான் உங்களுக்குத் தருவேன்."

"யாரு அவன்?"

"பாலத்துக்கு அடியில படுக்கறவர் சார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிட்டாங்க, வாடகை குடுக்க முடியாம வீடும் போச்சு. ஆறு இடத்துல வேலை கேட்டுப் போனார். ஆறுலயும் வாசலோட அனுப்பிட்டாங்க. அதான், சலூன்காரர் ஷேவ் பண்ணிவிட்டார். எதிர்க்கடை அண்ணன் ஷூவைக் கழட்டிக் குடுத்தார். நான் சட்டை குடுத்தேன்."

"அதுக்கு என் சட்டைதான் கிடைச்சுதா?"

"இன்னிக்குப் போற இடத்துல மேனேஜர் சட்டையைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பாராம் சார். அதான் இருக்கறதுலயே நல்லதா பார்த்துக் குடுத்தேன்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கக் கூடாதா?"

அக்கா ஒரு விநாடி தயங்கினாள். "தப்புதான் சார். யாரையும் கேக்கலை. என்னை என்ன வேணா பண்ணுங்க, அவரை விட்டுடுங்க. ஏழு மாசத்துல இன்னிக்குத்தான் அந்த மனுஷன் நிமிர்ந்து நடந்து போனார்."

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அதே நீலக்கோடு சட்டை. எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியாமல் மேனேஜர், தொங்கிக்கொண்டிருந்த துணிகளுக்குப் பின்னால் நழுவிவிட்டார்.

"வேலை கிடைச்சுதா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"கிடைச்ச மாதிரிதான் இருந்துச்சு அக்கா. கையெழுத்துப் போடும்போது சார் முகம் மாறிப்போச்சு. என்கிட்ட ஏதாவது வாடை வந்திருக்குமோ? குழாயடியில ரெண்டு தடவை சோப்பு போட்டுத்தான் குளிச்சேன்..."

அவர் சட்டையைக் கழற்றினார். உள்ளே கிழிந்த பனியன். சட்டையைக் கசங்காமல் மடித்து, ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல மேசைமேல் வைத்தார்.

மேனேஜருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிய வார்த்தை ஒன்று இருந்தால் அதுவாகவும் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினார்.

திருப்பிய இடத்தில், மூக்குக்கு நேரே ஒரு வெள்ளைச் சட்டை. மூன்றாவது பட்டனில் பச்சை நூல்.

பக்கத்தில், தொங்கிய சீட்டின்படி, டாக்டர் வீட்டுச் சட்டை. அதிலும் மூன்றாவது பட்டனில் பச்சை நூல். அதற்கடுத்து வாத்தியார் வீட்டுச் சட்டை. எண்ணிப் பார்த்தார். ஒன்பது சட்டைகள்.

இத்தனை வீட்டிலுமா ஒரே சமயத்தில் வெள்ளை நூல் தீர்ந்துபோகும்?

அவருக்குப் புரிந்துவிட்டது. பச்சை நூல் போட்ட சட்டையை எடுத்துக் கொடுக்கலாம் என்று அந்தந்த வீட்டுக்காரிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அக்கா கேட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரியைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

துணிகளை விலக்கிக்கொண்டு மேனேஜர் வெளியே வந்தார். பனியனோடு நின்றவர் அரண்டுபோய் இரண்டடி பின்வாங்கினார்.

"நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே சொல்லிடறேன்" என்றார் மேனேஜர். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துடுங்க. அந்தச் சட்டை இனிமே உங்களோடது."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"மூணாவது பட்டன் லூசா இருக்கு. தச்சுக் குடு."

அவள் இழுத்துப் பார்த்தாள். "நல்லா கல்லு மாதிரி இருக்கே!"

"இருந்தா என்ன, பிரிச்சுட்டுத் தை" என்றார். "நம்ம வீட்டுலதான் வெள்ளை நூல் தீர்ந்துபோச்சே."