பதினான்கு சுற்று

ஜப்பானின் ஹிரோசாகியில் முதல் பனி விழுமுன், ஞாயிற்றுக்கிழமைதான் காருக்குப் பனி டயர் மாட்டினார்கள். அன்று பூஜ்யமாக்கிய தூர மீட்டரைப் புதன் காலை பார்த்த சிஸுரு திகைத்தாள். அதற்குள் நூற்றாறு கிலோமீட்டர்.

"ஆபீஸ் ரெண்டு கிலோமீட்டர்தானே. ரெண்டு நாளா லேட்டா வேற வர்றீங்க. யாரு அவ?"

அவள் கணவன் யாசுஹிரோ சாவியை எடுத்தான். "டயர் கடைக்குப் போகணும்."

"நானும் வரேன்."

கடைக்காரர் கூடோ மீட்டரை எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள நூறு ஓட்டிட்டீங்களா, சார்?"

"நூறு ஓடினதும் சக்கர நட்டை மறுபடி முறுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு இவ தனியா மலைப்பாதையில அம்மா வீட்டுக்குப் போறா. அதான் சாயங்காலம் ஏரியைச் சுத்திச் சுத்தி வந்தேன்."

"ஐம்பது ஓடியிருந்தாலே போதுமே, சார்" என்றபடி கூடோ முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

சிஸுரு கணவனைப் பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பே."

"எத்தனை சுத்து?"

"பதினாலு."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு சுத்துக்காவது என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள்.