மழைக்கு முன் கிளம்பியவர்

செடிக்காரர் தன் வாழ்நாளில் ஒரு செடிகூட வளர்த்ததில்லை. அந்தப் பெயரே போன கோடையில் ஒரு தெரு அவருக்கு வைத்ததுதான்.

பக்கத்துக் காட்டில் ஏதோ ஒரு புதர் மொட்டையாக நின்றதைப் பார்த்தார். யோசனை வந்துவிட்டது. சாண் சாணாக நறுக்கி, பார்வைக்கு முறையாக இருக்கட்டுமே என்று அடியைச் சாய்வாகச் சீவி, சாம்பலில் தோய்த்துத் தொட்டிகளில் நட்டார். அபூர்வமான காட்டுச்செடி, கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், முதல் மழைக்குத் துளிர்த்து வெள்ளையாகப் பூக்கும் என்று வாயில் வந்ததை அளந்தார். முதலில் வாங்கியவர் ரிட்டையரான நர்ஸம்மா. அவரைப் பார்த்துத் தெருவே வாங்கியது.

"இழுத்துப் பாக்காதீங்கம்மா, வேர் அறுந்துரும். நிழல்ல வெச்சு லேசா தண்ணி தெளிங்க."

வேரே இல்லாத குச்சி என்பது தெரிந்துவிடக் கூடாதே என்கிற கவலை அவருக்கு. ஒரு தெருவுக்கே காதில் பூச்சுற்றிவிட்டு, முதல் மேகம் கறுத்த அன்று கம்பி நீட்டினார்.

மூன்று மாதம் கழித்து, வெளியூரில் அவர் தங்கியிருந்த அறையின் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நர்ஸம்மா. பக்கத்தில் காக்கி உடுப்பில் ஓர் அதிகாரி.

செடிக்காரரின் கண் அந்தக் காக்கியிலேயே நின்றது. ஏற்கெனவே ஒருமுறை உள்ளே இருந்துவிட்டு வந்தவர். மறுபடி போனது தெரிந்தால் மனைவி வீட்டு வாசலை மிதிக்க விடமாட்டாள். ஆனாலும் மழுப்பாமல் ஒப்புக்கொண்டால் ஆறு மாதத்தோடு போய்விடும். வெளியூரில் வேலை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டார்.

"ஏமாத்தினது நெசந்தாங்க. அதுல ஒண்ணுகூடச் செடி இல்ல. அத்தனையும் காட்டுல நானே வெட்டின குச்சி. இருநூறு இருக்கும்."

அதிகாரி நிதானமாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் இப்படிச் சொல்றீங்க? எல்லாமே துளிர்த்து, நீங்க சொன்ன மாதிரியே வெள்ளையா பூத்திருக்கு. இன்னும் பத்து வாங்கலாம்னு நான் வந்தேன். செடி விஷயமா சாரும் உங்களைத்தான் தேடினாரு, விலாசத்தையும் அவரே கண்டுபிடிச்சாரு."

"நானும் அந்தப் பூவைப் பாத்துத்தான் வந்தேன்" என்றார் அதிகாரி, நோட்டை மூடியபடி. "வனத்துறை. நீங்க வெட்டின காட்டுல அந்த இனம் மொத்தமே நாலு புதர்தான். ஒரு குச்சி ஒடிச்சாலும் ஏழு வருஷம்."

இருபது வருடம் போலிச் சரக்கே விற்றுப் பிழைத்தவர், முதன்முதலாக அசலை விற்றதற்காக ஜீப்பில் ஏறினார்.