அரை மீட்டர் ஆழம்

"கம்ப்யூட்டர் சொல்லுது, கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு மூணு நாளா அலையவிடுறீங்களே டாக்டரம்மா, அந்தக் கம்ப்யூட்டர் என்னிக்காவது கடல்ல முங்கியிருக்கா?"

படகின் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டார் படகோட்டி அபூ ரம்ஸி. அப்போதுதான் கடலில் முங்கி ஏறியிருந்தாள் நிஸ்ரீன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அலைபேசியில் அந்த ஒரே பதிவை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்தப் பவளத்துக்குள் எந்தப் பாசி குடியிருக்கிறது என்று உலகம் முழுக்க உள்ள ஆராய்ச்சியாளர்கள் எழுதிவைக்கும் இணையத் தரவுத்தளம் அது. தண்ணீர் சூடானால் பாசி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிடும். பவளம் வெளுத்துச் செத்துப்போகும். பல்லாயிரம் பதிவுகளில் இது ஒன்றுதான் வேறு மாதிரி. இடம் இந்த ஊர், அகபா. ஆழம் அரை மீட்டர். தண்ணீர் முப்பத்துநாலு டிகிரி. பவளம் நலம்.

அந்தப் பவளத்தில் ஒரு துணுக்கோடு வியாழக்கிழமைக்குள் இர்பித் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சிக்கு மூடுவிழா. இன்று வியாழன்.

"அரை மீட்டர் ஆழமாம், முப்பத்துநாலு டிகிரியாம்! அது கடல் இல்லம்மா, சூப்பு. எழுதினவன் வெயில்ல மூளை கலங்கி எழுதியிருக்கான். பதிவு தப்புன்னு ஒரு கடிதாசி போட்டு அழிக்கச் சொல்லுங்க."

"பதிவுல இருக்கிற இட எண்களைப் போட்டா வரைபடத்துல புள்ளியும் ஊருக்குள்ளதான் விழுது, கேப்டன்."

"அதான் ஒரு எண்ணை மாத்திப் போட்டிருப்பான்னு அன்னைக்கே சொன்னேனே. கடலுக்குள்ளேயும் தேடியாச்சு. இனிமே அழிச்சிடுங்க. எல்லாருக்கும் நல்லது."

நிஸ்ரீன் பெருமூச்சு விட்டாள். "கரைக்கு விடுங்க. அந்தப் புள்ளிக்கே நடந்து போய்ப் பார்த்துடறேன்."

"அங்க என்ன இருக்கும்? தக்காளி வண்டியும் நாலு பூனையும்!"

"பூனையையாவது பார்த்துட்டு பஸ் ஏறறேன்."

கரையிறங்கி அவள் நடக்க, அபூ ரம்ஸி பின்னாலேயே ஓடிவந்தார். முதல் திருப்பத்தில், இந்தப் பக்கம் ஏலக்காய்க் காபி பிரமாதம் என்றார். இரண்டாவது திருப்பத்தில் அவருக்கு முழங்கால் வலித்தது. மூன்றாவதில் வயிறு வலித்தது. நிஸ்ரீன் அலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. புள்ளி ஒரு மீன்சோற்றுக் கடை வாசலில் போய் நின்றது. உள்ளே நுழைந்தாள்.

ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி. மீன்களுக்கு நடுவே, தலையளவுக்கு, தேன் நிறத்தில் தளதளவென்று ஒரு பவளம்.

நிஸ்ரீன் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். தொட்டி ஓரத்தில் தொங்கிய வெப்பமானி முப்பத்துநாலு காட்டியது. கையால் அளந்து பார்த்தாள். ஆழம் சரியாக அரை மீட்டர்.

"சாப்பிட வந்தவங்க எல்லாம் மீனைப் பார்ப்பாங்க. நீ கல்லைப் பார்க்கறியேம்மா!" என்று கரண்டியும் கையுமாக வந்தாள் கடைக்கார அம்மா.

"இது... இந்தச் சூட்டுல எப்படி உயிரோட இருக்கு?"

"தொட்டியைக் குளிர வைக்கிற மெஷின் கெட்டுப்போய் ஏழு வருஷமாச்சு. மீனெல்லாம் மாத்தி மாத்திப் போடறேன். இது மட்டும் அசையல. போன வருஷம் சாப்பிட வந்த ஒரு வெளிநாட்டுப் பொண்ணும் உன்னை மாதிரிதான் குந்திக்கிட்டு எழுதிக்கிட்டே இருந்தா."

"ஒரு துணுக்கு எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்க."

"கடல்லேருந்து பவளத்தை எடுக்கிறது குற்றமாச்சே. இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

கடைக்கார அம்மா வாசல் பக்கம் பார்த்துக் கரண்டியை ஆட்டினாள். "அதோ, சொந்த அக்கா கடைக்குள்ள வராம வாசல்லயே நிக்கிறானே, என் தம்பி, அவனைக் கேளு. கடை திறப்பு விழாவுக்கு அவன் பிடுங்கிட்டு வந்து குடுத்த பரிசு!"

நிஸ்ரீன் திரும்பினாள்.

வாசலில் நின்ற அபூ ரம்ஸி தலையில் கை வைத்துக்கொண்டார். "அழிச்சிடுங்க, அழிச்சிடுங்கன்னு மூணு நாளா கெஞ்சினேனே டாக்டரம்மா, கேட்டீங்களா?"