உறுமாத பல்சக்கரம்

தோட்டத்து டிராக்டரின் கியர் பாக்ஸுக்குள் இருந்த பெரிய பல்சக்கரத்துக்குத் தன் உறுமல்மேல் அப்படியொரு பெருமை. "நான் கத்தினாத்தான் வண்டியே நகரும்" என்று பின் டயரிடம் பீற்றிக்கொள்ளும். காலையில் கத்தத் தொடங்கினால் கொய்யாத் தோப்பு போய்ச்சேர மத்தியானமாகிவிடும், அது வேறு விஷயம்.

ஒருநாள் உள்ளே கறுத்துக் கிடந்த எண்ணெயை வடித்தார்கள். புது எண்ணெய் கொஞ்சம் விட்டு, வண்டியை ஓட்டி அலசி, அதையும் கொட்டிவிட்டு மறுபடி நிறைய ஊற்றினார்கள்.

வண்டி கிளம்பியது. பல்சக்கரம் மூச்சைப் பிடித்து உறுமிப் பார்த்தது. சத்தமே வரவில்லை.

"ஐயையோ, நான் சுத்தவே இல்லையே! என் கதை முடிஞ்சுது!" என்று அழுதது.

"அழாதீங்கண்ணே" என்று புது எண்ணெய் வழுக்கிக்கொண்டே சிரித்தது.

அதற்குள் வெளியிலிருந்து பின் டயர் மூச்சிரைக்கக் கூவியது: "அண்ணே, கொஞ்சம் மெதுவா! கொய்யாத் தோப்பைத் தாண்டியாச்சு!"