ஒன்பதின் வால்

கிலோமீட்டர் கல்லின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டே அந்த ஆள் கேட்டான்:

"அண்ணே, டவுனுக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும்?"

சாலைக்கு எதிர்ப்பக்கம் பஞ்சர் கடை. வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கல்லில் புதுக் கறுப்பில், ஒரு சாண் உயரத்துக்கு 9 என்று எழுதியிருக்கிறது. அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டே தூரம் கேட்கிறான் என்றால், பாவம், எழுத்து வாசனையே இல்லாதவன்.

கடைக்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர் இன்னொரு மனுஷரோடு பேசி நாலு நாளாகிறது. முன்னும் பின்னும் வீடு கிடையாது. எப்போதாவது ஒரு வண்டி வந்தாலும், பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை ஆட்கள் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பேச்சுத்துணைக்காகவே போன மாதம் கடையைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க, மாமா?" என்று மருமகன் சிரித்துக்கொண்டே கேட்டார். நாலாம் நாள் காலையில் திரும்பிவிட்டார். கல்லுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்ததைத் தவிர இங்கே எதுவும் மாறியிருக்கவில்லை.

வந்தவனை லேசில் விடுவதில்லை என்று தீர்மானித்தார்.

"தூரத்தைச் சொன்னா உடனே கிளம்பிடுவே. முதல்ல வந்து தண்ணியக் குடி."

அவன் சாலையைக் கடந்து வந்தான். முழங்கால் வரை புழுதி. தோளில் கிடந்த கனத்த துணிப்பையைச் சாய்க்காமல் இறக்கி, சுவரோரமாக நிமிர்த்தி வைத்தான். உள்ளே 'ணங்' என்றது. சாப்பாட்டுத் தூக்கு போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"எங்கேருந்து நடந்து வர்றே?"

"அது ஆச்சுண்ணே, மூணு நாளு. ஊர் ஊரா நடைதான். வழியில நாய்ங்க மட்டும்தான் யாரு என்னன்னு விசாரிக்கும்."

"வண்டில வர்றவனுக்குத்தான் பஞ்சர் ஆகும். உன்னால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. பரவாயில்ல, உக்காரு."

"ரெண்டு காலும் காத்து இறங்கித்தாண்ணே கிடக்கு. ஒட்டித் தருவீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். ரொம்ப நாளாகச் சிரிக்காததால் இருமலும் சேர்ந்து வந்தது.

"ஏம்ப்பா, கல்லுல இருக்கற நம்பர்கூடப் படிக்கத் தெரியாதா?"

அவன் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்க சொல்லிக் குடுங்கண்ணே, கேட்டுக்கறேன்."

ட்யூபில் ஓட்டையைக் குறிக்கிற சாக்பீஸ் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. எடுத்து சிமெண்ட் தரையில் ஆரம்பித்தார்.

"இது ஒண்ணு. போலீஸ்காரன் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குதா? இது ரெண்டு. தண்ணியில வாத்து. எங்கே, நீ ஒரு தடவை எழுது."

அவன் ஒரே இழுப்பில் எழுதினான். பிசிறில்லை.

"அட, கை நல்லா வருதே! பள்ளிக்கூடத்துல போட்டிருந்தா ஆபீசர் ஆயிருப்பே."

நாலு வந்தபோது டீ போட்டார். ஆறு வந்தபோது மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, அரை மணி நேரம் எட்டைப் போடவே இல்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை. "அப்புறம்ண்ணே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்பதுக்காக அவனைக் கல்லுக்கே கூட்டிப்போனார். அவன் சட்டென்று ஒரு காலை மடித்து அதன் முன்னால் முழங்காலிட்டான்.

"இதுதான் ஒன்பது. டவுனுக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆனா இதைப் பாத்து எழுதிப் பழகிடாதே. எந்த மடப்பய எழுதினானோ, நாய் வால் மாதிரி கோணிக்கிட்டுக் கிடக்கு. தினமும் காலையில இந்தக் கோணல்லதான் முழிக்கிறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கோணல்தாண்ணே."

இரண்டு பேர் நிழலும் சாலையின் குறுக்கே நீண்டு கிடந்தது. "பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரணும்ண்ணே" என்று அவன் எழுந்தான்.

கடைக்காரர் அவசரமாக யோசித்தார்.

"இன்னும் பூஜ்யம் பாக்கி இருக்கே! பூஜ்யம் தெரியாம பத்து எப்படி எழுதுவே? திரும்பி வர்றப்போ இந்த வழியாத்தானே வருவே?"

"வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

வழிப்போக்கர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் போவதைப் பார்க்க மனமில்லாமல், கடைக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு தம்ளரையும் கழுவினார். ஒரு தம்ளரைக் கழுவும் இடத்தில் இரண்டு தம்ளர். மெதுவாகவே கழுவினார்.

திரும்பிப் பார்த்தபோது அவன் போயிருக்கவில்லை. கல்லுக்கு முன்னால் மறுபடி முழங்காலிட்டிருந்தான். பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு பெயிண்ட் டப்பாக்கள் திறந்திருந்தன. கையில் மெல்லிய பிரஷ்.

"யோவ்! கவர்மெண்ட் கல்லுய்யா அது! கை வைக்காதே!" என்று கத்தினார் கடைக்காரர்.

பிரஷை வெள்ளையில் தோய்த்தபடி, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்:

"போன மாசம் எழுதறப்போ, பூட்டின கடையையே பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. அதான் கோணிப்போச்சு."